மோட்டார் வண்டிக்கு மெருகேற்றும் யந்திரமும் திண்டும்

புதிதாக வாங்கிய மோட்டார் வண்டியின் மேற்பரப்பில் முகம் பார்க்கலாம். ஓராண்டு கழிந்த பின்னர் அதே வண்டியை மாலை வெயிலிலோ, பெட்ரோல் நிலையத்தின் விளக்கொளியிலோ நிறுத்திப் பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றிலும் சிலந்தி வலை போன்ற நுண்ணிய வளையங்கள் தோன்றும். வண்டியின் நிறம் மங்கிவிட்டதென உரிமையாளர் வருந்துவார். பட்டறைக்காரர் ஒரு யந்திரத்தைக் கொண்டு அரை நாளில் மீண்டும் பளபளப்பை வரவழைத்துக் கொடுப்பார். சில மாதங்களில் வளையங்கள் மறுபடியும் தோன்றும். மறுபடியும் யந்திரம் வரும். இவ்வாறு நான்கைந்து முறை நடந்த பின்னர், ஒரு கோடையில் கூரையின் மேலும் முன்மூடியின் மேலும் பூச்சு வெளிறி, வெயிலில் வெந்த தோல் உரிவது போலச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். அதன் பிறகு எந்த மெருகும் பயன்படாது. அப்பகுதி முழுவதற்கும் புதிதாக வர்ணம் பூச வேண்டியதுதான்.

இந்த நஷ்டம் பெரும்பாலும் தவிர்க்கத்தக்கது. அரசாங்க வாகனங்களைப் பராமரிக்கும் பணியாளர்களும், தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிக்கும் ஆசிரியர்களும், சொந்த வண்டியை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநர்களும், மெருகேற்றும் யந்திரத்தையும் அதற்குரிய திண்டையும் தேர்ந்தெடுப்பதில் அடங்கியுள்ள சில எளிய விஞ்ஞான உண்மைகளை அறிந்திருப்பது பெரிதும் நன்மை பயக்கும்.

வளையங்கள் எவ்வாறு தோன்றுகின்றன?

வளையங்களைக் காணும் பலர், யாரோ வட்டமாகத் தேய்த்ததால் அவை உண்டாயின என்று எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வீட்டிலுள்ள எவர்சில்வர்த் தட்டு ஒன்றைச் சன்னமான விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் இது விளங்கும். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையங்கள் தெரியும். விளக்கை நகர்த்தினால் வளையங்களும் அதனுடன் நகரும். தட்டின் மேல் உண்மையாகவே வட்டக் கோடுகள் இருந்தால் அவை ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டுமல்லவா? தட்டின் மேல் எல்லாத் திசைகளிலும் கோடிக்கணக்கான கீறல்கள் உள்ளன. ஒவ்வொரு கீறலும் தன் நீளத்திற்குக் குறுக்கான திசையிலேயே ஒளியைச் சிதறச் செய்கிறது. ஆதலின், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டமாக அமையும் திசையிலுள்ள கீறல்கள் மட்டுமே கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. ஏனையவை மறைந்து நிற்கின்றன.

மோட்டார் வண்டியின் மேலுள்ள கீறல்களும் இத்தகையவையே. தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பதே இவற்றின் முதற் காரணம். சாலைத் தூசியில் கலந்துள்ள படிக மணல் துகள்கள் பூச்சை விடப் பன்மடங்கு கடினமானவை. துணியினடியில் அகப்பட்ட ஒவ்வொரு துகளும் ஒரு சிற்றுளியாக வேலை செய்கிறது. காலைதோறும் வண்டியைத் துடைப்பதைக் கடமையாகக் கருதும் நல்ல ஓட்டுநரே, தம்மை அறியாமல், அதன் பளபளப்பைக் கெடுத்து விடுகிறார்.

பூச்சின் பருமன்

இன்றைய வண்டிகளில் வர்ணம் ஒரே பூச்சாக இருப்பதில்லை. இரும்புத் தகட்டின் மீது முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு மின்சார முறையில் படிய வைக்கப்படுகிறது. அதன் மேல் பரப்பைச் சமன் செய்யும் பூச்சும், அதன் மேல் நிறந்தரும் பூச்சும் இடப்படுகின்றன. எல்லாவற்றிற்கும் மேலே, பட்டறைகளில் ‘கிளியர் கோட்’ என வழங்கும் நிறமற்ற பூச்சு அமைகிறது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டியில் இந்நான்கும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 130 மைக்ரான் பருமனே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட்டின் பருமன் மட்டும் சுமார் 40 மைக்ரான். அதாவது, மனிதனின் தலைமயிர் ஒன்றின் பருமனிலும் குறைவு.

இந்த மெல்லிய படலமே வண்டிக்குப் பளபளப்பையும் பாதுகாப்பையும் தருகிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்கள் இதில் கலக்கப்பட்டுள்ளன. மெருகேற்றுதல் என்பது இப்படலத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்தெடுப்பதேயாகும். மென்மையான மெருகில் ஒன்று அல்லது இரண்டு மைக்ரான் போகலாம்; வன்மையான காம்பவுண்டும் கம்பளித் திண்டும் கொண்டு தேய்த்தால் அதைப் போலச் சில மடங்கு போகும். போனது திரும்ப வருவதில்லை. கிளியர் கோட் ஒரு மூலதனம். ஒவ்வொரு மெருகும் அதிலிருந்து எடுக்கும் செலவு. எவ்வளவு குறைவாகச் செலவிட்டு வேண்டிய பலனைப் பெறலாம் என்பதே யந்திரத்தையும் திண்டையும் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி.

பழைய வண்டிகளின் நிலை வேறு. 1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நைட்ரோ செல்லுலோஸ் வர்ணம் மோட்டார் வண்டிகளுக்குப் பயன்படத் தொடங்கியது முதல், பல பத்தாண்டுகள் வரையில், நிறமும் பளபளப்பும் ஒரே மேற்பூச்சில் அமைந்திருந்தன. இந்தியாவில் இன்னும் பேணப்பட்டு வரும் பழைய அம்பாசடர் போன்ற வண்டிகள் பலவற்றில் இத்தகைய ஒற்றைப் பூச்சையே காணலாம். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. மறைவானதோர் இடத்தில், வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷைத் தடவித் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் ஒற்றைப் பூச்சு. ஒட்டாவிடில் மேலே கிளியர் கோட் உள்ளது.

மெருகின் தத்துவம்

கல்லையும் உலோகத்தையும் கண்ணாடி போல் மெருகிடும் கலை இந்நாட்டிற்குப் புதிதன்று. பீகாரிலுள்ள பராபர் குகைகளின் கருங்கற் சுவர்கள் மௌரியர் காலத்தில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், மெருகிடப்பட்டவை. இன்றும் அவை ஒளியைப் பிரதிபலிக்கின்றன. கேரளத்தின் ஆரன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைப் பல நாள் கையால் தேய்த்து முகம் பார்க்கும் கண்ணாடி செய்கின்றனர். ஆயினும், மெருகின் போது பரப்பில் நிகழ்வது யாது என்னும் கேள்வி விஞ்ஞானிகளிடையே நெடுங்காலம் விவாதத்திற்கு உரியதாக இருந்தது.

மெருகென்பது மிக நுண்ணிய அளவில் செதுக்குவதே என்று ஒரு சாரார் கருதினர். பரப்பின் மேல்தோல் திரவம் போல வழிந்து பள்ளங்களை நிரப்புகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெயில்பி கூறினார். 1937-இல் பௌடன், ஹியூஸ் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் நடத்திய பரிசோதனைகள், சில பொருள்களில் கடினத்தை விட உருகும் நிலையே முக்கியமானது என்று காட்டின. ஏறத்தாழ 178 டிகிரி சென்டிகிரேடில் உருகும் கற்பூரத்தைக் கொண்டு, சுமார் 70 டிகிரியிலேயே உருகும் உட்ஸ் கலவை உலோகத்தை மெருகிட முடிந்தது. ஆனால் 232 டிகிரியில் உருகும் வெள்ளீயத்தையும், 327 டிகிரியில் உருகும் காரீயத்தையும் அதே கற்பூரத்தால் மெருகிட இயலவில்லை. உராயும் இடங்களில் கணநேரம் தோன்றும் உஷ்ணமே இதற்குக் காரணம்.

மோட்டார் வண்டியின் கிளியர் கோட்டில் நுண்ணிய செதுக்கலே முதன்மையானது. எனினும் அது பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த பொருள். உஷ்ணம் மிகுந்தால் இளகும், கருகும், தகட்டிலிருந்து விடுபடும். எனவே யந்திரத்தைத் தேர்ந்தெடுக்கையில் அது எவ்வளவு வேகமாகச் செதுக்குகிறது என்பதோடு, எவ்வளவு உஷ்ணத்தை எவ்விடத்தில் உண்டாக்குகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரு வகை யந்திரங்கள்

மெருகேற்றும் யந்திரங்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதலாவது, ஓர் அச்சின் மீது திண்டு நேராகச் சுழலும் ‘ரோட்டரி’ யந்திரம். பட்டறைகளில் ‘பஃபிங் மிஷின்’ என்றால் பெரும்பாலும் இதையே குறிக்கும். இதன் வேகத்தை நிமிஷத்திற்குச் சுமார் 600 முதல் 3,000 சுற்றுகள் வரை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, திண்டு தன் மையத்தில் சுழல்வதோடு, அந்த மையமே ஒரு சிறு வட்டத்தில் ஓடும் இருசெயல் யந்திரம். கடைக்காரர்கள் இதை ‘டி.ஏ.’ எனச் சுருக்கிக் கூறுவர். அச்சிறு வட்டத்தின் விட்டம் யந்திரத்தின் ‘வீச்சு’ எனப்படும். 8, 12, 15, 21 மில்லிமீட்டர் வீச்சுடைய யந்திரங்கள் விற்பனைக்கு உள்ளன.

இவற்றின் வேறுபாட்டை ஒரு கணக்கினால் தெளியலாம். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள திண்டு நிமிஷத்திற்கு 1,500 சுற்று சுழல்கிறது எனக் கொள்வோம். விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, வினாடிக்குரிய சுற்றாகிய 25-ஆல் பெருக்கினால், திண்டின் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 11.8 மீட்டர் வேகத்தில் ஓடுவது தெரியும். ஆனால் மையத்திலோ வேகம் பூஜ்யம். ஆகவே வேலை முழுவதும் விளிம்பை அடுத்த வளையத்தில் நடைபெறுகிறது. உஷ்ணமும் அங்கேயே திரள்கிறது. யந்திரத்தை ஓரிடத்தில் சில கணம் நிறுத்தினாலும் பூச்சு வெந்துவிடும்.

இருசெயல் யந்திரத்தில் 15 மில்லிமீட்டர் வீச்சும், நிமிஷத்திற்கு 4,800 சுழல்களும் இருப்பதாகக் கொண்டால், வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர். இங்கு கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. மையம் ஓடும் இயக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், திண்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவுள்ள வட்டத்தில் ஒரே வேகத்தில் ஓடுகிறது. விளிம்புக்கும் நடுவுக்கும் வேற்றுமை இல்லை. இதனால் தேய்மானம் பரப்பெங்கும் பரவுகிறது. உஷ்ணமும் ஓரிடத்தில் திரள்வது குறைகிறது. திண்டு மெல்லச் சுழன்றுகொண்டே இருப்பதால் ஒரே துகள் ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் ஓடுவதில்லை. ஆகையால் ரோட்டரி யந்திரம் பழகாத கையில் விட்டுச் செல்லும் அலை போன்ற ஒளித்தடங்கள் இதில் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

இருசெயல் யந்திரத்திற்கும் ஒரு குறை உண்டு. அதன் திண்டு தானாகவே சுழல்வதால், வளைந்த இடங்களில் அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், வெறும் அதிர்வு மட்டுமே எஞ்சும், வேலை நடவாது. தாங்கு தட்டின் விளிம்பில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்தால், திண்டு சுழல்கிறதா நின்றுவிட்டதா என்பதைக் கண்ணாலேயே அறியலாம். பற்சக்கரத்தால் கட்டாயமாகச் சுழற்றப்படும் இருசெயல் யந்திரங்களும் உள்ளன. அவை நிற்பதில்லை, ஆனால் அதிர்வும் உஷ்ணமும் சற்று மிகுதி.

புதிதாகப் பழகுபவருக்கும், மாதம் சில வண்டிகளை மட்டும் பராமரிக்கும் அலுவலகத்திற்கும், 15 மில்லிமீட்டர் அளவில் வீச்சுடைய இருசெயல் யந்திரம் ஏற்றது. வளைவுகள் மிகுந்த சிறு வண்டிகளுக்கு 8 அல்லது 12 மில்லிமீட்டர் போதும். 21 மில்லிமீட்டர் வீச்சு, வேன், ஜீப் முதலியவற்றின் அகன்ற சமதளங்களில் வேலையை விரைவாக முடிக்கும். குறுகிய இடங்களில் கட்டுக்கு அடங்காது. ரோட்டரி யந்திரம் அனுபவம் மிக்க தொழிலாளியின் கையில் இருக்க வேண்டிய கருவி. புதிதாக வர்ணம் பூசிய பகுதியை உப்புத்தாள் கொண்டு நீரில் தேய்த்துச் சமன் செய்த பின், அந்தக் கீறல்களை நீக்குவதில் அதற்கு இணையில்லை.

செய்யத் தகாதது ஒன்று

செலவைச் சுருக்கும் பொருட்டு, இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் கம்பளித் திண்டைப் பொருத்தி மெருகிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அக்கருவி நிமிஷத்திற்குச் சுமார் 11,000 சுற்று சுழல்வது. 125 மில்லிமீட்டர் திண்டை அதில் மாட்டினால் விளிம்பின் வேகம் வினாடிக்கு 72 மீட்டர் ஆகும். மெருகிடும் யந்திரத்தில் வேண்டிய வேகத்தைப் போல ஆறு மடங்கு. சில வினாடிகளில் கிளியர் கோட் கருகும். அதனினும் கொடியது, அவ்வேகத்தைத் தாங்குவதற்கென அமையாத திண்டு சிதறித் தொழிலாளியின் முகத்தில் பாயும் அபாயம். ஒவ்வொரு தாங்கு தட்டின் மீதும் திண்டின் மீதும் குறித்துள்ள உச்ச வேகத்தைப் படித்துப் பார்க்காமல் எதையும் யந்திரத்தில் மாட்டலாகாது.

திண்டுகளின் வகை

திண்டு, பட்டறை வழக்கில் ‘பேட்’, மூன்று வகைப்படும்: கம்பளி, மைக்ரோஃபைபர், ஸ்பாஞ்சு.

கம்பளித் திண்டு மிகுதியாகச் செதுக்கும். அதன் இழைகளுக்கிடையே காற்று புகுவதால் உஷ்ணம் ஓரளவு தணிகிறது. ஆயினும் அது விட்டுச் செல்லும் நுண்கீறல்களை வேறொரு திண்டால் நீக்க வேண்டியிருக்கும். மைக்ரோஃபைபர் திண்டு இருசெயல் யந்திரத்தில் நன்கு செதுக்கும். ஆனால் விரைவில் அழுக்கேறும். உஷ்ணத்தில் அதன் இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்சுத் திண்டு பாலியூரிதேன் நுரையாலானது. விறைப்பானது செதுக்கவும், நடுத்தரமானது மெருகிடவும், மிருதுவானது இறுதி ஒளியூட்டவும் பயன்படும்.

ஸ்பாஞ்சுத் திண்டுகள் மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு எனப் பல நிறங்களில் வருகின்றன. இந்நிறங்களுக்குப் பொதுவான நியதி எதுவும் இல்லை. ஓர் உற்பத்தியாளரின் மஞ்சள் திண்டு செதுக்குவதற்கு உரியது. மற்றொருவரின் மஞ்சள் இறுதி மெருகுக்கு உரியது. நிறத்தைக் கேட்டு வாங்கியவர் ஏமாறுவார். அட்டைக் குறிப்பைப் படிப்பதும், விரலால் அழுத்தி விறைப்பை அறிவதுமே தக்க வழி.

திண்டும் அதன் மேல் இடும் பாலிஷும் சேர்ந்தே ஒரு கருவியாகும். பாலிஷில் உள்ள தேய்ப்புத் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. மோஸ் கடின அளவையில் அது ஒன்பதாம் நிலையில் நிற்பது. அதே பாலிஷை விறைப்பான திண்டில் இட்டால் வன்மையாகவும், மிருதுவான திண்டில் இட்டால் மென்மையாகவும் வேலை செய்யும். மிருதுவான நுரையில் துகள்கள் அமிழ்ந்து முனை மட்டும் தெரிய நிற்பதே இதன் காரணம்.

அளவும் பொருத்தமும்

திண்டின் விட்டம் தாங்கு தட்டின் விட்டத்தை விடச் சிறிது பெரியதாக இருக்க வேண்டும். 125 மில்லிமீட்டர் தட்டுக்கு 135 முதல் 150 மில்லிமீட்டர் வரையுள்ள திண்டு பொருந்தும். இரண்டும் சமமாக இருந்தால், கை சற்றுச் சாய்ந்தவுடன் தட்டின் கடினமான விளிம்பு வண்டியில் பட்டு ஆழமான காயம் உண்டாக்கும். பெரிய திண்டு பரப்பை விரைவில் முடிக்கும். சிறிய திண்டு கதவின் கைப்பிடி, கண்ணாடித் தூண், விளக்கின் அருகு ஆகிய இடங்களில் நுழையும். ஆகவே 75 மில்லிமீட்டர் தட்டு ஒன்றும் கூடவே வைத்திருப்பது நன்று.

ரோட்டரி யந்திரம் வாங்குகையில் சுழல் அச்சின் திருகு அளவைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 14 மில்லிமீட்டர் மெட்ரிக் திருகு பரவலாக வழங்குகிறது. அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்தவற்றில் அங்குலத் திருகு இருக்கும். ஒன்றுக்குரிய தட்டு மற்றதில் ஏறாது. அவ்வாறே 120 வோல்ட்டுக்கு அமைந்த வெளிநாட்டு யந்திரத்தை நமது 230 வோல்ட் மின்சாரத்தில் இணைத்தால் அது எரிந்து போகும்.

ஒரு வண்டிக்கு ஒரே திண்டு போதும் என்பது மற்றொரு தவறான எண்ணம். தேய்த்தெடுத்த பூச்சும் உலர்ந்த பாலிஷும் திண்டின் துளைகளை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட திண்டு சூடேறும். தானே புதிய கீறல்களை உண்டாக்கும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கெட்டியான பிரஷ்ஷினால் திண்டைத் துடைக்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரே வகையில் மூன்று அல்லது நான்கு திண்டுகள் இருத்தல் வேண்டும். விலை மிகுந்த யந்திரத்துடன் ஒரு திண்டை வாங்குவதை விட, நடுத்தர யந்திரத்துடன் ஆறு திண்டுகளை வாங்குவதே அறிவுடைமை.

சோதனைப் பரப்பு

எந்தத் திண்டு, எந்தப் பாலிஷ் என்பதைப் புத்தகமோ கடைக்காரரோ முடிவு செய்ய இயலாது. கிளியர் கோட்டின் கடினம் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆகையால் வண்டியே விடை கூற வேண்டும்.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். உள்ளங்கையை வைத்துப் பொறுக்க முடியாத சூட்டில் வேலை தொடங்கலாகாது. கழுவிய பின்னும் விரலுக்குச் சொரசொரப்பாகத் தென்படும் இரும்புத் துகள், தார் முதலியவற்றை அதற்கென விற்கும் களிமண் கட்டியால், வழுக்கும் நீர் தெளித்து, மெல்ல நீக்க வேண்டும். பிறகு முன்மூடியில் சுமார் 45 சென்டிமீட்டர் சதுரத்தை மாஸ்கிங் டேப்பினால் வரைந்து கொள்ள வேண்டும். அச்சதுரத்தில் மிகவும் மென்மையான பாலிஷையும் மிருதுவான திண்டையும் கொண்டு முதலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவில் நான்கு துளிகள் போதும். குறைந்த வேகத்தில் பரப்பிய பின், வேகத்தைக் கூட்டி, ஒரு தடத்தின் பாதி அடுத்த தடத்தின் மேல் படியுமாறு நெடுக்கிலும் பின் குறுக்கிலும் மெல்ல நகர்த்த வேண்டும்.

பின்னர் நீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் அவ்விடத்தைத் துடைத்து, விளக்கொளியில் பார்க்க வேண்டும். இத்துடைப்பு இன்றியமையாதது. பாலிஷ்கள் பலவற்றிலுள்ள எண்ணெய்ப் பசை கீறல்களை நிரப்பிச் சில நாட்கள் மறைத்து வைக்கும். முதல் மழையில் அவை மீண்டும் தெரியும். துடைத்த பிறகும் கீறல்கள் போதிய அளவு நீங்கியிருந்தால் அதே முறையை வண்டி முழுவதற்கும் கையாளலாம். நீங்காவிடில் ஒரு படி விறைப்பான திண்டு. அதுவும் போதாவிடில் ஒரு படி வன்மையான பாலிஷ். இவ்வாறு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வன்மையில் தொடங்கி இறங்குதல் தகாது. நகத்தின் நுனி தடைபடும் அளவு ஆழமான கீறலை மெருகினால் நீக்க முயலுதல் கூடாது. அதன் அடிவரை தேய்ப்பதற்குள் கிளியர் கோட் தீர்ந்துவிடும்.

பருமனை அளக்கும் சிறு மீட்டர் கிடைத்தால் மிகவும் பயன்படும். இரும்பின் மேல் காந்த முறையிலும், அலுமினியத்தின் மேல் சுழல் மின்னோட்ட முறையிலும் அது அளக்கிறது. அது காட்டுவது எல்லாப் பூச்சுகளின் மொத்தப் பருமனே. கிளியர் கோட்டை மட்டும் பிரித்துக் காட்டாது. எனினும் அக்கம் பக்கத்துப் பகுதிகளை ஒப்பிட உதவும். ஓரிடத்தில் 300 மைக்ரான் காட்டினால் அங்கு மறுபூச்சோ பட்டியோ இருக்கக்கூடும். ஏனைய இடங்கள் 110 காட்ட, ஓரிடம் மட்டும் 80 காட்டினால், முன்பே அவ்விடத்தில் மிகுதியாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அதைத் தொடாமல் விடுதலே நலம்.

ஓரங்களும் பம்பரும்

தகட்டின் மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு மெல்லியதாகவே படிகிறது. அங்கேயே திண்டின் அழுத்தமும் குவிகிறது. பூச்சை இழந்த வண்டிகளில் முதலில் அடிநிறம் தெரியும் இடம் மடிப்புக் கோடே. இவ்விடங்களை டேப்பினால் மூடி வைத்து, கடைசியில் கையாலேயே மெருகிடுதல் பாதுகாப்பானது. ரோட்டரி யந்திரத்தில், திண்டு விளிம்பை நோக்கி மோதாமல், விளிம்பை விட்டு வெளியே ஓடுமாறு பிடிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பம்பருக்குத் தனிக் கவனம் வேண்டும். இரும்பு உஷ்ணத்தை விரைவாகக் கடத்திப் பரப்பிவிடும். பிளாஸ்டிக்கின் கடத்தும் திறன் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே உராய்வினால் உண்டான உஷ்ணம் பூச்சிலேயே தங்கிவிடுகிறது. பம்பரில் வேகத்தையும் நேரத்தையும் குறைத்து, அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொழிலாளியின் நலம்

வண்டியின் பூச்சைப் போலவே தொழிலாளியின் உடலும் காக்கப்பட வேண்டியது. உலர்ந்த பாலிஷ் தூளும் கம்பளி இழையும் காற்றில் பறப்பதால் மூக்கையும் வாயையும் மூடும் முகக் கவசமும், கண்ணாடியும் அணிய வேண்டும். தோளில் தொங்கும் துண்டு, அவிழ்ந்த சட்டைக் கை, மடித்துக் கட்டாத வேட்டி ஆகியவை சுழலும் திண்டில் சிக்கினால் கணப்பொழுதில் விபத்து நேரும். மின்சாரக் கம்பியைத் தோளின் மேலாகப் பின்புறம் விட்டுக்கொண்டால் அது திண்டில் அகப்படாது. ஈரத் தரையில் வேலை செய்கையில் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனம் மின்னிணைப்பில் அமைந்திருத்தல் அவசியம். மணிக்கணக்காக அதிர்வைத் தாங்கும் விரல்கள் நாளடைவில் மரத்து வெளுத்துப் போகக் கூடும். ஆகவே ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சற்று ஓய்வு கொள்ள வேண்டும். எடை குறைந்த யந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது இவ்வகையிலும் நன்று.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பாடத்தைச் செலவின்றி நடத்திக் காட்டலாம். எவர்சில்வர்த் தட்டும் ஒரு டார்ச் விளக்கும் ஒளிச் சிதறலை விளக்கப் போதும். ஓர் அட்டை வட்டத்தின் நடுவில் குண்டூசி குத்திச் சுழற்றினால் ரோட்டரியின் இயக்கமும், அதே அட்டையைத் திருப்பாமல் மேசை மீது சிறு வட்டமாக நகர்த்தினால் இருசெயல் யந்திரத்தின் இயக்கமும் விளங்கும். அட்டையின் மையத்திலும் விளிம்பிலும் பென்சில்களைச் செருகித் தாளில் கோடிடச் செய்தால், முதல் இயக்கத்தில் ஒரு புள்ளியும் ஒரு பெரிய வட்டமும், இரண்டாவதில் சமமான இரு சிறு வட்டங்களும் கிடைக்கும். திண்டின் வேகக் கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம். பட்டறையை நாடிப் போகும் மாணவனுக்கு, கிரைண்டரில் கம்பளியை மாட்டக் கூடாது என்ற விதியை விட, 72-க்கும் 12-க்கும் உள்ள வேற்றுமை நெடுநாள் நினைவில் நிற்கும்.

கீறல் விழாமல் காப்பதே மிகச் சிக்கனமான மெருகு. உலர்ந்த துணியைத் தவிர்த்து, முதலில் நீரை ஊற்றித் தூசியைக் கழுவுதல். சோப்பு நீருக்கு ஒரு வாளியும் துணியை அலச மற்றொரு வாளியும் வைத்தல். பறவை எச்சத்தை அன்றே நீக்குதல். உப்பு மிகுந்த கிணற்று நீர் வெயிலில் உலர்ந்து வெண்புள்ளியாகப் படியுமுன் துடைத்தல். இவற்றிற்கு யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. இவற்றைக் கைக்கொள்ளும் வண்டிக்கு எப்போதாவது ஒரு முறை மென்மையான திண்டு பட்டால் போதும். தலைமயிரினும் மெல்லிய அப்படலம் வண்டி ஓடும் காலம் வரையில் அதன் மேல் நிலைத்திருக்கும்.